பஸ் ஏறி வரும் பெயர்கள்

அக்காவுக்குப் பெண் பிறந்ததும் எனக்கு ஒரு வேலை வந்தது. இந்தப் பிள்ளை வளர்ந்து நிற்கும்போது எந்தப் பெயர் ஊரெல்லாம் இருக்கும், எது காணாமல் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியலும் படித்தேன்.

"மழை வருமான்னு கணக்குப் போடுறாங்கல்ல? பேரு வருமான்னு நீ போட மாட்டியா?" என்றாள் அக்கா.

போடலாம் என்றேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன்.

அவளுக்கு அது ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் அவள் எங்கள் மலையூரான புசல்லாவையிலிருந்து இறங்கி, கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். முதல் நாள் முதலாளி பெயரைக் கேட்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் அம்மனின் பெயர்தான் அவளுக்கு. சொன்னதும் அவர், "தோட்டமா?" என்றார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளைத் துணி மடிக்கிற பக்கம்தான் நிற்க வைத்தார்கள். வாடிக்கையாளர் பக்கம் வரவிடவில்லை. தன் மகளிடம் யாரும் அப்படிக் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்க இடம் கொடுக்காத ஒரு பெயர் வேண்டும். அவ்வளவுதான்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் பெயர்களைக் கேட்டுக்கொண்டே திரிந்தேன். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கண்ணாடியெல்லாம் வேர்த்திருக்கும். பின்சீட்டிலிருந்து ஒரு தாய் மகளைப் பெயர் சொல்லி அதட்டுவாள், முன்சீட்டில் வேறொரு பிள்ளை திரும்பிப் பார்க்கும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, சிங்கள வீட்டுப் பிள்ளை, எங்கள் பிள்ளை என்று பெயரை வைத்துப் பிரிக்க முடியவில்லை. எல்லாம் மெல்லிய ஓசையில், மூச்சை விட்டதுபோல முடிந்தன. பாலத்தில் பஸ் ஊரும்போது எனக்குக் கண் சொருகும். அரைத்தூக்கத்தில் அந்தச் சின்னப் பிள்ளைகளெல்லாம் வளர்ந்து, தலை பின்னி, கைப்பையோடு ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஏறுவார்கள். யாரோ ஒரு பெயரைச் சொல்ல பஸ்ஸில் பாதிப் பேர் திரும்புவார்கள். கீழே மகாவலி பழுப்பாகப் போய்க்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு நாள் கண் விழித்தபோதுதான் எனக்கு விளங்கியது. பெயர்கள் டவுனில் பிறந்து, சில வருடம் கழித்து நுவரெலியா பஸ் ஏறி எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு வருகின்றன. நான் டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பொறாமைப்பட்ட பெயர்களை இப்போது கொழுந்து எடுக்கும் பெண்கள் தங்கள் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். அதற்குள் டவுன் அந்தப் பெயர்களை விட்டுவிட்டது.

பெயர் வைக்கும் நாள் காலையில் அக்காவிடம் அதைச் சொன்னேன். கண்டியில் இன்று பரவுகிற பெயர் எதுவென்று எனக்குத் தெரியும். அதை வைத்தால், பிள்ளை பெரியவளாகும்போது அதுவும் தோட்டத்துப் பெயராகியிருக்கும்.

"அப்ப, அதக் கேட்டாலும் தோட்டமான்னு கேப்பாங்களா?"

"கேப்பாங்கக்கா."

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, கதிரையில் சாய்ந்தபடி சிரித்தார். "இவ கணக்கு முடியிறதுக்குள்ள புள்ள ஸ்கூலுக்கே போயிரும்."

அக்கா சிரிக்கவில்லை. மடியில் தூங்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஒங்கிட்ட அப்பிடிக் கேட்டா நீ என்ன சொல்லுவ?"

"ஆமா, தோட்டந்தான்னு சொல்லுவேன்."

"கூச்சமில்லாமயா?"

"படிச்சுட்டுப் போய் நிக்கிறேன். எனக்கென்ன கூச்சம்?"

"அப்ப இவளும் படிச்சுட்டுச் சொல்லட்டும்." பிள்ளையை நெஞ்சோடு தூக்கினாள். "எனக்குப் புடிச்ச பேர நான் வைக்கிறேன். ஒன் கணக்குல அது இருக்கோ இல்லியோ."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் குனிந்து, பிள்ளையின் காதோடு வாயை வைத்து, பெயரை மூன்று முறை சொன்னாள். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில், பக்கத்திலேயே இருந்தும் எனக்குக் கேட்கவில்லை.