இரண்டு ரிமோட், ஒரு விமானம்

என் கணவருக்கு எதையும் விட்டுக்கொடுக்க வராது. கார் சாவி, கேமரா, ஓட்டலில் மெனு கார்டு எல்லாம் அவர் கையில்தான் இருக்கும். கெட்ட மனிதர் இல்லை. நான் தொட்டால் ஏதாவது உடைந்துவிடும் என்று உண்மையாகவே கவலைப்படுகிறவர். அப்படிப்பட்டவர் ஒரு தெர்மோகோல் விமானத்தை மாதக்கணக்கில் ஒட்டி, இறக்கைக்கு மஞ்சள் அடித்து, மோட்டார் வைத்து முடித்ததும், "நீயும் விடக் கத்துக்கோயேன்" என்றார். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து கிளம்புவோம். இறக்கையைப் பழைய காட்டன் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். ஓல்ட் மெட்ராஸ் ரோடு அந்த நேரத்தில் நம்ம ரோடு மாதிரியே இருக்காது. மெட்ரோ தூண்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகப் போகும். நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். ஹொஸ்கோட்டே தாண்டி, வற்றிக் கிடக்கும் ஒரு ஏரிக்குள் கார் இறங்கும்போதுதான் கண் விழிப்பேன். விழித்த பிறகும் கனவு கலையாது. சுற்றிலும் வெள்ளைப் பனி, நடுவில் வெடித்த மண், எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத வானம்.

பழகுவதற்கு இரண்டு ரிமோட். இரண்டையும் ஒரு ஒயர் இணைக்கும். அவருடைய ரிமோட்டில் ஒரு சுவிட்ச் உண்டு. அதை அவர் விரலால் அழுத்திக்கொண்டே இருக்கும்வரை விமானம் என்னுடையது. விரலை எடுத்தால் அந்தக் கணமே அவருடையதாகிவிடும்.

அவரே மேலே ஏற்றுவார். உயரத்தில் நேராகப் போகத் தொடங்கியதும் "இந்தா" என்று சுவிட்சை அழுத்துவார். என் ரிமோட்டின் வலது குச்சியை ஒரு நெல்லளவு தள்ளினால் போதும், அங்கே மஞ்சள் இறக்கை சோம்பலாகச் சாயும். சத்தம் தேய்ந்து காதை விட்டுப் போன பிறகும் உருவம் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். ஆபீஸ் மெயில், வீட்டில் ஊறும் உளுந்து எதுவும் நினைவிருக்காது. நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிடும். அந்த நேரம் பார்த்து இறக்கை கொஞ்சம் கூடுதலாகச் சாயும், இவர் விரலை எடுத்துவிடுவார். தூங்குகிறவள் மேலிருந்து போர்வையை உருவியது போலிருக்கும். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும். எல்லாரும் தடுமாறுகிற இடம் அது, அவரும் தடுமாறியிருக்கிறார். தினமும் கண்ணாடி பார்த்து வகிடெடுக்கிற எனக்கு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. இதை அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு தடவையாவது தரையிலிருந்து நானே கிளப்ப வேண்டும். இன்னொருவர் ஏற்றிவிட்ட உயரத்திலேயே எத்தனை நாள் சுற்றுவது? கேட்டால், "டேக்-ஆஃப்லதான் எல்லாம் உடையும்" என்பார்.

ஒரு ஞாயிறு, காரை விட்டு இறங்கியதும் சொல்லிவிட்டேன். "இன்னைக்கு நான்தான் கிளப்புவேன். இல்லேன்னா கார்லயே உக்காந்துக்கறேன். நீங்க ஒருத்தரே விட்டுக்குங்க."

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? உடைஞ்சா மறுபடி முதல்லேர்ந்து ஒட்டணும்."

"ஒட்டிக்கலாம். நானும் உக்காந்து ஒட்டறேன்."

அவர் விமானத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, சுவிட்சை அழுத்தினார். "ஸ்வல்ப மெதுவா" என்றார். பயந்தால் அவருக்குக் கன்னடம் கலக்கும்.

வேகத்துக்கான இடது குச்சியை மெல்ல ஏற்றினேன். விமானம் குலுங்கிக்கொண்டு ஓடியது. இடப்பக்கம் இழுத்தது, பிடித்து நேராக்கினேன். வலது குச்சியை என் பக்கம் இழுத்தேன். குலுங்கிக்கொண்டிருந்தது குலுங்காமல் ஆயிற்று. சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே கையளவு வெளிச்சம் தெரிந்தது, அது வளர்ந்தது. ஓர் இறக்கை சட்டென்று தாழ்ந்தது. விரலை எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எடுக்கவில்லை. நானே நிமிர்த்தினேன்.

பனியைத் தாண்டியதும் இறக்கையில் வெயில் பட்டது. எங்கள் மேல் இன்னும் படவில்லை. எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து கூடவே வட்டமிட்டது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் சுற்றின. நாங்கள் அண்ணாந்து நின்றோம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"எனக்குக் கொஞ்சம் தர்றியா?" என்று கேட்டார்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். விரலை எடுக்காமல், நகம் வெளுக்கும் அளவுக்குச் சுவிட்சை அழுத்திக்கொண்டுதான் கேட்டார்.

"இருங்க, இன்னும் ஒரு ரவுண்டு" என்றேன்.

"சரி" என்று காத்திருந்தார்.