இரண்டாவது ராணி

பொய் சொல்லித்தான் ஜெயித்தேன். அதுவும் என்னை நம்பிக் கேட்ட ஒரு சிறுமியிடம்!

சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுவர் சதுரங்கப் போட்டி. கடைசி ஆட்டம். ஜெயிப்பவருக்கு ஒரு பள்ளியில் விடுதியோடு இலவசப் படிப்பு. எனக்கு அது வேண்டும்... எதிரே உட்கார்ந்திருந்த மேகலாவுக்கும் வேண்டும். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மூட்டை தூக்குபவரின் மகள். ஆட்டத்தை அப்பாவிடமே கற்றவள்.

அவளுடைய சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதை ராணியாக்கினால் என் ராஜா அப்போதே மாட்டிக்கொள்வான். ஆக்காவிட்டால், அடுத்த நகர்விலேயே அவளை நான் முடித்துவிடுவேன்.

அவள் கை அந்தரத்தில் நின்றது. அவளுடைய ராணி இன்னும் பலகையில்தான் இருந்தது.

"அண்ணா, எங்கூட்டுல வெட்டுப்பட்ட காயைத்தான் திருப்பி வெப்பம். இங்க ரெண்டாவது ராணி வெக்கலாமுங்களா?"

வைக்கலாம். எனக்குத் தெரியும்! நடுவர் மறுகோடியில் வேறொரு சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கியிருந்தால் வந்திருப்பார்... அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"கூடாது. நீ சொன்னதுதான் ரூல்."

என் பக்கம் வெட்டுப்பட்டுக் கிடந்த அவளுடைய காய்கள் குதிரைகளும் சிப்பாய்களும்தான். ஒரு குதிரையை எடுத்து நீட்டினேன். நானே!

அவள் வாங்கி வைத்தாள். நான் முடித்தேன்.

வாசலில் அவள் அப்பா காத்திருந்தார். "என்ன சாமி, ஊத்திக்கிச்சா? நட, புரோட்டா வாங்கித் தாரேன்."

மேகலா என் பக்கம் திரும்பினாள். "ரூல் சொன்னீங்களே, தேங்க்ஸுங்கண்ணா. இல்லாட்டித் தப்பா வெச்சு அசிங்கப்பட்டிருப்பேன்."

அந்தப் பள்ளியில் ஒரு வருடம்கூட நான் தங்கவில்லை. சுவரேறிக் குதித்து ஓடினேன். லாரி கிளீனர், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி, வெளிமாநிலக் காடுகள், இப்போது டிரைவர். பட்டினி கிடந்ததுண்டு, அடி வாங்கியதுண்டு. அதற்காக உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. ஆனால், பிடுங்கியதையாவது ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா நான்?

உண்மையான விதியை என்றாவது யாராவது அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். அன்று அவள் என்னை என்னவென்று நினைத்திருப்பாள்? அல்லது... தன் ஆட்டம்தான் போதவில்லை என்று நம்பி, பலகையை அன்றோடு மூடிவிட்டாளோ? இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது? நீங்களே சொல்லுங்கள்!

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் லோடு ஏற்ற வேண்டுமென்றால் வேறு டிரைவரை அனுப்பச் சொல்லிவிடுகிறேன். போன வாரமும் அப்படித்தான் சொன்னேன். ஏன் என்று முதலாளி கேட்டார். வயிற்றுவலி என்றேன்.