இடது கைத் திருநீறு

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நடுவில் புகுந்து சமாதானம் பேச வேண்டாம். அவருக்கும் என்னைப் பிடிக்காது. என் பெண்ணை அவர் மகனுக்குக் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்றதில் தொடங்கிய பகை இது. "ரொம்ப நெருங்குன சொந்தத்துல கட்டுனா பொறக்குற பிள்ளைக்குக் கோளாறு வரலாம் அண்ணி" என்றேன். நான் கறம்பக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். "எங்க வீட்டுக்கே வந்து பாடம் நடத்துறா பாரு" என்றார் அவர். முறைமாப்பிள்ளையை வேண்டாம் என்றதைக்கூடப் பொறுத்திருப்பார். காரணம் சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அவர் மகனுக்கு வெளியில் பெண் பார்த்து நிச்சயம் செய்த சமயத்தில்தான் என் வலது தோள் இறுக ஆரம்பித்தது. சர்க்கரை இருப்பவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்றார் டாக்டர். தோளில் இருப்பது பந்துக் கிண்ண மூட்டு. கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும்; அதைச் சுற்றி ஓர் உறை. அந்த உறை தடித்துச் சுருங்கிவிட்டால் கை மேலேயும் போகாது, பக்கவாட்டிலும் போகாது, முதுகுக்குப் பின்னாலும் போகாது. "உடம்புலயே அதிகமா சுழலுற மூட்டு இதுதான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே அதன் படத்தைக் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் வரைந்தேன். மேல்பாதிக்கு என் கை எட்டவில்லை.

இதில் பெரிய அநியாயம் முழங்கைதான். அது கீல் மூட்டு, கதவு மாதிரி மடங்கும், நீளும். அதற்கு ஒரு கேடும் வரவில்லை. அதனால் என்னால் எழுத முடிந்தது, சோறு பிசைந்து வாயில் வைக்க முடிந்தது. பார்க்கிறவர்களுக்கு நான் முழு ஆரோக்கியமாகத் தெரிந்தேன். "திங்கிறப்ப மட்டும் கை நல்லாப் போகுது" என்று என் நாத்தனார் யாரிடமோ சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்குள் நடந்ததோ வேறு. தலை சீவிவிட்டது என் வீட்டுக்காரர். ரவிக்கைக்குள் கையை நுழைத்துவிட்டதும் அவர்தான். புரண்டு படுத்தால் உயிர் போகும் வலி. எழுந்து உட்கார்ந்து அழுவேன், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். அந்த நாட்களில் அவர்மேல் எனக்கு இருந்த அன்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் திருநீறு பூசினார்கள். என் வீட்டுக்காரர் பூசிவிட்டு நகர்ந்தார். தாய்மாமன் பெண்டாட்டி என்ற முறையில் அடுத்தது நான். மாப்பிள்ளைப் பையன் பனைமர உயரம். வலது கையில் திருநீறை எடுத்துத் தூக்கினேன். அவன் மாலை வரைக்கும்தான் போனது. "கொஞ்சம் குனிப்பா" என்றேன். அவனும் குனிந்தான். "சார், குனியாதீங்க, முகம் விழல" என்று கத்தினார் வீடியோக்காரர். அவன் சட்டென்று நிமிர்ந்தான். பின்னால் வரிசை தள்ளியது. வலி கண்ணைக் கட்டியது. திருநீறை இடது கைக்கு மாற்றி அவன் நெற்றியில் பூசிவிட்டேன்.

"பீச்சாங்கையாலயா பூசுன?" என்றார் நாத்தனார். "அண்ணி, கை தூக்க வரல" என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பொண்ணு குடுக்க மனசில்ல, எம் மகன் நல்லா இருக்கவும் மனசில்ல" என்று பந்தி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். வீடியோவில் அது தெளிவாகப் பதிந்திருக்கிறது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதை நிறுத்தி நிறுத்திக் காட்டினாராம்.

அவர் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. மண்டையோட்டு எலும்புகளுக்கு இடையே இருப்பவை அசையா மூட்டுகள்; அவர் விஷயத்தில் உள்ளே இருப்பதும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை தன் அக்காவிடம், "அவளுக்கு நெசமாவே கை வரல, நான் பாத்தேன்" என்று சொல்ல வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். "சொல்றேன், சொல்றேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழச் சீப்போடு வல்லத்திராக்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போவார், சொல்லாமல் திரும்பி வருவார். ஆமாம் என்று தலையாட்டக் கழுத்தில் ஒரு மூட்டு, இல்லை என்று ஆட்ட வேறொரு மூட்டு. அக்கா முன்னால் அவருக்கு முதலாவது மட்டுமே வேலை செய்யும்.

தோள் மெல்ல இளகியது. சுவரில் விரல்களால் ஏறி ஏறிப் பழகினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. கறம்பக்குடி பஸ்ஸில் மேல்கம்பியை வலது கையால் பிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைக் கூட்டத்தில் யாரிடம் சொல்வது!

நாத்தனாரின் மருமகளுக்கு வளைகாப்பு வந்தது. அழைப்பு என் வீட்டுக்காரருக்குத்தான், நானும் போனேன். சந்தனக் கிண்ணத்தை யாரோ பீரோ மேல் வைத்துவிட்டார்கள், அங்கிருந்த பெண்களுக்கு எட்டவில்லை. நான் வலது கையை நீட்டி எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் எடுத்தேன்.

"அடியாத்தி! கை இம்புட்டு ஒசரம் போகுதே!" என்றார் நாத்தனார். பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? அன்னைக்கி நடிச்சிருக்கா."

"வைத்தியம் பாத்துச் சரியாச்சு அண்ணி" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு வாசலில் நின்ற தம்பியைக் கூப்பிட்டார். "ஏப்பா, நீயே சொல்லு. அன்னைக்கி இவளுக்குக் கை வந்துச்சா, வரலையா?"

எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். "நல்ல நாளும் அதுவுமா அது எதுக்குக்கா இப்ப" என்று சிரித்துவிட்டு இலை போடும் பக்கம் போய்விட்டார். நான் சாப்பிடாமல் கிளம்பினேன்.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப் வரைக்கும் என் பின்னாலேயே வந்தார். "எல்லாத்தையும் பக்கத்துலேருந்து பாத்தவரு நீங்கதான். ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "வலிச்சது நெசந்தான். ஆனா அன்னைக்கி மேடையில கொஞ்சம் முயற்சி பண்ணிருந்தா தூக்கிருக்கலாமோன்னு எனக்கும் ஒரு சந்தேகம்" என்றார்.

பஸ் வந்தது. நான் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. பின்னால் ஏறிய யாரோ ஓர் அம்மாவை, "இங்கிட்டு வாங்க, உக்காருங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டேன்.