நான் அரைக்காத மிளகாய்

ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம் என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு என் பிள்ளையையும் என்னிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. பெயர் சரசு. பால் குடி கூட முழுசாக மறக்கவில்லை.

ஆனைமலைத் தாயை நம்பும் சகோதர சகோதரிகளே, இதை நான் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சிங்காநல்லூரில் ஒரு பஞ்சு மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை. எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒரு சொல் கூடக் கூட்டவில்லை.

என்னைக் கட்டிக்கொடுத்தது அன்னூருக்குப் பக்கம், தோட்டம் துரவு உள்ள குடும்பம். என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு அண்ணன், மூத்தவர் என்போம். அவர் மனைவி மயிலாத்தாள். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காரியம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கோயில் முன்னால் கூடினார்கள். நான் வெள்ளைச் சேலையில் ஒரு ஓரமாக நின்றேன்.

"தம்பிதான் போயிட்டான். அவன் ரத்தத்தையும் நான் உட்டுப்போட்டு நிக்கோணுமா?" என்று மூத்தவர் துண்டை வாயில் வைத்து அழுதார். அந்த அழுகை பொய் இல்லை. தம்பி மேல் அவருக்கு உயிர்.

பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். "சின்ன வயசுப் புள்ள நீ. உங்கண்ணன் ஊட்டுக்குப் போ அம்மணி. கொழந்த அப்பன் ஊட்டுக் கொழந்த. அது இங்கயே வளரட்டும்." நான் ஒன்றும் பேசவில்லை. பேசத் தெரியவில்லை. ஊர் சொன்னால் அதுதான் சட்டம் என்று நினைத்திருந்தேன். என் அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். அன்று சாயங்காலமே என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் மாரில் பால் கட்டிக்கொண்டு வலித்தது.

அதற்கப்புறம் பிள்ளையைப் பார்க்க எத்தனையோ தடவை போனேன். வாசல் படலைத் திறக்க மாட்டார்கள். "பாத்தா ஏங்கிப் போயிரும், போயிட்டு வாங்க" என்று பண்ணையத்து ஆள் வந்து சொல்வான். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். என் பிள்ளைதான் சிரிக்கிறாள் என்று தெரியும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடப்பேன். மில்லில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிடலாம். இதை எப்படி முடிவது என்று எனக்குப் புரியவில்லை. சாகலாம் என்றுகூட நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் அண்ணன் சின்னச்சாமிக்குக் கோபம் வந்தால் முதலில் வேட்டியை மடித்துக் கட்டுவார், அப்புறம்தான் யோசிப்பார். ஐம்பத்தொன்பதாம் வருஷம் பங்குனியில் அன்னூர்ச் சந்தையில் நாலு பேர் கேட்கும்படி, "எந்தங்கச்சி ஆனைமலைக்குப் போயி மொளகா அரைக்கப் போறா. அந்தக் குடும்பம் என்னாகுதுன்னு பாருங்க" என்று கத்திவிட்டு வந்திருக்கிறார். கத்தியதோடு நிற்காமல் என்னையும் கிளப்பிவிட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நியாயம் கிடைக்காதவர்கள் மாசாணியம்மன் சந்நிதியில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்கள். கெடுதல் செய்தவர் உடம்பில் அந்த எரிச்சல் ஏறும் என்பது நம்பிக்கை. காரியம் பலித்ததும் வந்து எண்ணெய்க் காப்புச் செய்து தாயைக் குளிர வைக்க வேண்டும். சித்திரை அமாவாசைக்கு நான் தனியாகப் புறப்பட்டேன். வர மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கோயிலில் நல்ல கூட்டம். என் முறை வந்தது. ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், மாடு திருடியவனை நினைத்து மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஊற்ற அரைத்துக்கொண்டிருந்தாள். "எந்த ஊடோ அத மனசுல நெனச்சுட்டு அரைங்கம்மா" என்று அங்கே நின்றவர் சொன்னார். நினைத்தேன். மூத்தவர் முகம் வரும் என்று பார்த்தால், அந்த வீட்டு அடுப்பங்கரைதான் மனதில் வந்தது. அந்த அடுப்பில் வேகிற சோற்றைத்தான் என் பிள்ளை தின்கிறாள். அந்த வீட்டுக்குள்தான் தூங்குகிறாள். வீட்டுக்கு எரிச்சல் ஏறினால் அது யார் உடம்பில் ஏறும்?

முடிச்சை அவிழ்க்க என் கை வரவில்லை. "ஏனுங்க, அரைக்கறதுன்னா அரைங்க, இல்லீன்னா எந்திரிங்க" என்று பின்னால் ஒரு அம்மாள் சலித்துக்கொண்டாள். எழுந்துவிட்டேன். படுத்த கோலத்தில் இருக்கும் தாய் முன்னால் போய் நின்றேன். வீட்டில் இருந்து நினைத்துக்கொண்டு வந்த வேண்டுதல் எல்லாம் மறந்துபோனது. "தாயே, நியாயங்கூட வேண்டாம். புள்ளையக் கண்ணுல காட்டு, போதும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம், பூஜை எல்லாம்.

ஆற்றோரமாக வந்து உட்கார்ந்தேன். சித்திரை வெயிலில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது. அதில் ஒரு பெண் நின்றுகொண்டு ஒரு குழந்தைக்கு உடம்பெல்லாம் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை உடம்பு பூராவும் வேனல் கட்டி. பெண் திரும்பினாள். மயிலாத்தா அக்கா.

அது தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் கேட்டுவிட்டு வந்து இன்னும் கண்ணீர் கூடக் காயவில்லை.

என்னைப் பார்த்ததும் அக்கா பிள்ளையைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டார். ஓடப் போகிறார் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அரைச்சுப்போட்டியா அம்மணி? சந்தையில உங்கண்ணன் சொன்ன நாள்ல இருந்து புள்ள மேலெல்லாம் கொப்புளம். தாயக் குளுர வெக்கத்தான் எண்ண கொண்டாந்தேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். மிளகாய் ஒன்றுகூட உடையாமல் அப்படியே இருந்தது.

"அரைக்கத்தாங்கக்கா வந்தேன். புள்ள அந்த ஊட்டுலதானுங்களே இருக்குது" என்றேன்.

அக்கா தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். பிள்ளையை வாங்கினேன். வாங்கியதும் அவள் வீறிட்டாள். என் கையில் இருந்து திமிறிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினாள். இரண்டு வருஷம் கழித்து என் பிள்ளையைத் தொட்டேன். அவளுக்கு நான் யாரோ. அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்காதான் சொன்னார், ஆவணியில் சரசுவைச் சுவீகாரம் எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள் என்று. "எனக்குப் புள்ள வேணும் அம்மணி. ஆனா பெத்தவ வயிறெரிஞ்சு வந்த புள்ள எனக்கு நெலைக்காது. நீ கோர்ட்டுக்குப் போ. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாத."

அண்ணனிடம் சொன்னதும் வேட்டி மடிந்தது. ஆள் கூட்டிப் போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்துவிடலாம் என்றார். மில் யூனியன் ஆபீஸில் ஒருவர்தான் அவரைத் தடுத்து, கோயமுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் எங்களை அனுப்பினார்.

வக்கீல் கிறிஸ்தவர். எங்கள் அம்மன் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னார். "அம்மணி, ஊர்க்கூட்டம் சொன்னது சட்டமில்லீங்க. நீங்க வாயத் தொறக்காதது சம்மதமும் ஆகாது. அப்பன் இல்லாத கொழந்தைக்கு அம்மாதான் கார்டியன், ஐம்பத்தாறுல வந்த சட்டமே இருக்குது. உங்க சம்மதம் இல்லாம சுவீகாரம் செல்லாது."

இரண்டு வருஷமாகப் படலுக்கு வெளியே நின்ற எனக்கு, சட்டம் என் பக்கம் இருந்திருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை.

"ஆனா ஒண்ணுங்க," என்றார் வக்கீல். அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். "புள்ளையத் தூக்கிட்டு வந்தீங்கன்னா கேஸ் கெட்டுப்போகும். யாருக்கு உரிமைங்கறத மட்டும் ஜட்ஜ் பாக்க மாட்டாருங்க. கொழந்தைக்கு எது நல்லதுன்னுதான் மொதல்ல பாப்பாரு. அம்மணி வேலைக்குப் போனா கொழந்தைய ஆரு பாத்துக்குவாங்க, எங்க படிக்க வெப்பீங்க, அதுக்கெல்லாம் பதில் வேணும். அஞ்சு வயசு வரைக்கும் கொழந்த பெரும்பாலும் அம்மாகிட்டத்தான்னு சட்டம் சொல்லுது, அதுக்குள்ள மனுப் போட்டுரோணும்." அண்ணன் மெதுவாக வேட்டியை இறக்கிவிட்டார்.

நான் மில்லுக்குப் போகும்போது அண்ணன் மனைவி, என் அண்ணி, பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்று எழுதி மனுப் போட்டோம். சுவீகாரத்துக்குத் தடை கிடைத்தது. வழக்கு முடியும்வரை மாதம் ஒருமுறை வக்கீல் ஆபீஸில் நான் பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவானது. மைனர் என்றுதான் கோர்ட்டில் என் பிள்ளைக்குப் பெயர். அந்த மைனர் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அக்கா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். பொரி உருண்டை கொடுத்தால் வாங்குவாள், கையைத் தொட்டால் இழுத்துக்கொள்வாள்.

அறுபதாம் வருஷம் ஆனி மாதம் அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினார். தாய்க்காரிதான் பிள்ளையை வேண்டாம் என்று விட்டுப் போனாள் என்று சொல்ல வேண்டும். மூத்தவர் அப்படித்தான் சொல்லிக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் வக்கீல் கேட்டார். அக்கா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், தன் வீட்டுக்காரரையும் பார்க்காமல் சொன்னார்.

"அவ உட்டுட்டுப் போகலைங்க சாமி. நாங்கதான் பஸ் ஏத்தி அனுப்பிச்சுப்போட்டோம். புள்ள கேட்டு வந்தப்பெல்லாம் படலத் தொறக்கலைங்க."

மூத்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். நீதிபதி சரசுவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, யாரோடு இருக்கப் பிரியம் என்று கேட்டார். அவள் அக்காவைக் காட்டினாள். தாயே, காட்டு என்றுதானே கேட்டேன், கொடு என்று கேட்காமல் விட்டேனே என்று உள்ளுக்குள் புலம்பினேன்.

அக்கா சொன்ன சாட்சியை வைத்து, தீர்ப்பு எனக்குத்தான் வந்தது. பிள்ளை தாயோடு இருக்க வேண்டும், பள்ளிக்கூட லீவில் பெரியப்பன் வீட்டுக்குப் போய் வரலாம். கோர்ட் வராந்தாவில் அக்கா தன் கையாலேயே அவளைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். சரசு அக்காவின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது நான்தான். ஜெயித்துவிட்டு இப்படி அழுகிறவளை அந்தக் கோர்ட் பார்த்திருக்காது.

லீவில் அனுப்பப் பார்த்தேன். "இந்தப் படல அந்தப் புள்ள இனி மிதிக்கக் கூடாது" என்று மூத்தவர் சொல்லிவிட்டார். அக்காவோடு அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் மனதையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது தம்பியின் இரண்டாவது சாவு.

சரசு ஏங்கிப்போனாள். அக்கா என்னை "அம்மணி" என்று கூப்பிட்டதைக் கேட்டவள் ஆதலால் அவளும் அம்மணி என்றே கூப்பிட்டாள். அண்ணி சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு மில்லில் போய் அழுவேன். எட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மழையில் வீட்டுக் கூரை ஒழுகியது. "அம்மா, இங்க ஒழுகுது பாரு" என்றாள். நான் ஈயச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் என்ன சொன்னாள் என்பது சட்டியை வைத்த பிறகுதான் உறைத்தது.

அக்காவும் நானும் ஒரு வழி கண்டுபிடித்தோம். சித்திரை அமாவாசைக்கு அக்கா ஆனைமலைக்கு வருவார், நான் சரசுவைக் கூட்டிப் போவேன். ஆற்றில் அக்காதான் அவளைக் குளிப்பாட்டுவார். நான் கரையில் துணியோடு நிற்பேன். வருஷத்தில் ஒரு நாள் அவளுக்கு இரண்டு அம்மா. ஆறு வருஷம் அப்படி நடந்தது. அறுபத்தேழில் அக்கா வரவில்லை. பொழுது சாயும்வரை காத்திருந்து திரும்பினோம். மாசியிலேயே போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. எங்களுக்குச் சொல்லிவிட யாரும் இல்லை.

இந்த வருஷம் நாங்கள் இருவரும் போனோம். மிளகாய் அரைத்தவர்கள் செய்கிற எண்ணெய்க் காப்பை, அரைக்காத நான் வருஷா வருஷம் செய்கிறேன். "யார் பேருக்குங்க?" என்று பூசாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சரசு சொன்னாள். பன்னிரண்டு முடிந்த பிள்ளை, குரல் தெளிவாக இருந்தது.

"எங்கம்மா பேருக்குங்க. மயிலாத்தாள்."

எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் தாய் முன்னால் பொய் சொன்னதாகும். ஆனாலும் எண்ணெய்க் கிண்ணத்தை நானே எடுத்து நீட்டினேன். அன்றைக்கு ஆட்டுக்கல் முன்னால் முடிச்சை அவிழ்த்திருந்தால் அக்கா முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? இந்தப் பிள்ளை யாரிடம் இருந்திருப்பாள்?

பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மிளகாயோடு பஸ் ஏறுகிற சகோதரி யாராவது இதைப் படித்தால், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்டுக்கல் முன்னால் முடிச்சை அவிழ்க்காதே. தாயிடம் பிள்ளையை மட்டும் கேள். திரும்பி வந்ததும் நேராக வக்கீலைப் போய்ப் பார். தாய் காட்டுவாள் அம்மணி. எனக்குக் காட்டினாள்.