பின்கால் இல்லாத நாற்காலியும் பிற பொருள்களும்

பழைய சாமான் வாங்கி விற்கிற தொழிலில் முதலில் பழக வேண்டியது, எல்லாரும் நம்மை ஒரு மாதிரி பார்ப்பதைத்தான். அதிலும் செஞ்சியில் இருந்துகொண்டு இதைச் செய்தால் கேட்கவே வேண்டாம். மலைமேல் கோட்டை நிற்கிற ஊரில், தொண்ணூறு வருஷத்து நாற்காலியைப் பழசு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதுவும் நான் தேடுவது யாளியும் மயிலும் செதுக்கிய சாமான் இல்லை. அலங்காரம் எதுவும் வேண்டாம், வடிவமே போதும் என்று அந்தக் காலத்தில் சிலர் துணிந்து செய்த மொட்டைச் சாமான்கள். புதுச்சேரி பக்கம் என்பதால் அப்படிப்பட்டவை இந்த ஊர்களுக்குள் எப்படியோ வந்து ஒதுங்கியிருக்கின்றன. என்னைப் போலவே இந்தப் பைத்தியம் பிடித்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

அவலூர்பேட்டை சலூன்

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். காத்திருப்பவர்களுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் ஓர் இரும்புக் குழாய் நாற்காலி இருந்தது. அதற்குப் பின்கால்கள் இல்லை. ஒரே குழாய் தரையில் ஓடி, முன்னால் எழும்பி, வளைந்து, முதுகு வரை போய்த் திரும்பியிருந்தது. படங்களில் மட்டுமே நான் பார்த்த வடிவம். பயந்துகொண்டே உட்கார்ந்தேன். அது என்னை மெல்லத் தாங்கி, லேசாக அசைந்து நின்றது. காற்றின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. என் முறை வந்ததும் அடுத்தவரைப் போகச் சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் முனுசாமியின் அப்பா, புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு முடி வெட்டப் போய்க்கொண்டிருந்தவராம். அவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது. நான் விலைக்குக் கேட்டேன். முனுசாமி கத்தியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

“எங்க நைனா குடுத்ததுன்றதுக்காவ மாட்டேன்னு சொல்லல சார். இதுல உக்காந்தவன் எவனும் இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்னு கேட்டதே இல்ல. இத உங்ககிட்ட குடுத்துட்டு, நான் யாருக்கெல்லாம் பதில் சொல்றது?”

வட்டக் கண்ணாடி அலமாரி

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மணிலாக் கடலை பயிர் வைக்கிற சமணக் குடும்பம். வீட்டுக்காரர் அப்பாண்டைராஜ் அவராகவே போன் செய்து, ஓர் அலமாரியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். லோடு ஆட்டோ ஓட்டும் செல்வமும் நானும் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம்.

முனைகள் எல்லாம் கூழாங்கல் போல உருண்டிருந்தன. நடுவில் பெரிய வட்டக் கண்ணாடி. ஒரு பூ இல்லை, கொடி இல்லை. ஒரே மரத்தை மெல்லிய தகடுகளாக அறுத்து, புத்தகத்தை விரித்த மாதிரி இரண்டு கதவிலும் ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தினால் மரத்தின் ரேகை ஒரு கதவிலிருந்து மறு கதவுக்கு அறுபடாமல் ஓடியது. நான் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். விலை பேசி முடிந்தது. அவர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர்கள் என்பதால், எங்களையும் சாப்பிட்ட பிறகுதான் தூக்க விடுவேன் என்றார் வீட்டம்மா.

இலையில் சோறு விழும்போதுதான் பார்த்தேன். மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் கண்ணாடியில் பட்டு, ஒரு வெளிச்ச வட்டமாகத் தரையில் கிடந்தது. பொழுது இறங்க இறங்க, அந்த வட்டம் ஜன்னல் பக்கத்துச் சுவரில் மெல்ல ஏறியது. அந்தம்மா அதை ஒரு பார்வை பார்ப்பார், ரசம் ஊற்றுவார். இன்னொரு பார்வை, மோர். நாங்கள் கை கழுவி வந்தபோது வட்டம் மங்கி மறைந்தது. செல்வம் கயிற்றை எடுத்தான். அந்தம்மா கணவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

“இருபத்தஞ்சு வருஷமா அந்த வெளிச்சத்த பாத்துதான் சோறு போடறேன். போவப் போவுதுன்னதும்தான் எனக்கே தெரியுது. தப்பா நெனைக்காதீங்க, விட்டுட்டுப் போயிடுங்க.”

என் கைங்கரியம்

இது நான் செய்த பாவம். அனந்தபுரத்தில் மூடிக்கிடந்த ரைஸ்மில் ஆபீசிலிருந்து, ஒரே பலகையை வளைத்துச் செய்த சாய்வு நாற்காலி ஒன்று கிடைத்தது. ஓர் ஆணிகூட இல்லை. போட்டோ அனுப்பினேன். புதுச்சேரியில் வீடு வடிவமைக்கும் கலைச்செல்வி நாலு நாளில் வருவதாகச் சொன்னார். அவர் வருவதற்குள் பளபளவென்று இருக்கட்டும் என்று பாலிஷ்காரரிடம் கொடுத்து, அந்தப் பழைய பூச்சுக்குத்தான் மதிப்பு என்பதை மறந்து, மேலே இருந்ததை முழுக்கச் சுரண்ட வைத்தேன்.

அவர் வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு தரையில் மண்டி போட்டு அடிப்பக்கம் பார்த்தவர், என்னையும் கூப்பிட்டார். பாலிஷ்காரரின் கை படாத இடம் அது. தேன் நிறம். வளைவு எங்கே தொடங்க வேண்டும் என்று யாரோ போட்ட பென்சில் கோடு இன்னும் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். யார் கண்ணிலும் படப்போகாத அந்த அடிப்பக்கத்தையும், குழந்தை கன்னம் போல இழைத்திருந்தான் அந்த மனிதன். இருவரும் எழுந்திருக்க மனம் இல்லாமல் அப்படியே கிடந்தோம். கடைசியில் அவர் சொன்னார்:

“மேல நீங்க பண்ணதுக்கு உங்கள திட்டணும்னுதான் இருந்தேன் சார். கீழ அவர் பண்ணத பாத்த பிறகு கோவமே வரல.”

பதினேழாம் நம்பர்

ஓர் அலுவலகத்தின் பின்புறம் மழையில் நனைந்துகொண்டிருந்த பிரம்பு நாற்காலிகளை ஏலத்தில் எடுத்து, பிரம்பு மாற்றி வரிசையாக வைத்திருந்தேன். மேஜை பார்க்க வந்த வேதாசலம், அந்த அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாற்காலியின் முதுகில் வெள்ளை பெயின்ட்டில் 17 என்று இருந்ததைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். இடது கைப்பிடியில் ஒரு சின்னக் குழி உண்டு. அது என்ன குழி என்று எனக்கு அதுவரை புரியவில்லை. அவர் முழங்கை போய் அதில் சரியாகப் பொருந்தியது.

பிறகு எழுந்து, ஐந்தடி தள்ளிப் போய் நின்றார். கவட்டை போல விரிந்த கால்களையும், அதிலிருந்து கிளம்பி முதுகு தாங்கும் சாய்வையும் வெகுநேரம் பார்த்தார். யார் இப்படி யோசித்தது என்று கேட்டார். பெரிய ஆபீசருக்கு மட்டுமில்லை, கிளார்க்குக்கும் முதுகு உண்டு என்று நினைத்த யாரோ ஒருவர் என்றேன். எடுத்துக்கொண்டு போங்கள், விலை வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“முப்பது வருஷம் இதுல உக்காந்து ஃபைலத்தான் பாத்தேன். நாற்காலிய இன்னிக்குத்தான் சார் பாக்கறேன். அது போதும்.”

இத்தனை வருஷத்தில் நான் வாங்கி வந்ததைவிட, வாய் பிளந்து பார்த்துவிட்டு வெறும் ஆட்டோவில் திரும்பியதுதான் அதிகம் என்றாலும், குடோனில் இடமில்லை என்று புலம்பும் என் மனைவி ஒருத்திக்காவது இந்தத் தொழில் லாபமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.