மிரானின் பிறந்தநாளும் ஒரு ஜோடி ஷூவும்

உன்சுக்கின் சூப்புக் கடைக்கு வந்தவர்கள் அவளைத் திட்டாமல் போனதில்லை. வாசலில் கழற்றிவிட்ட ஷூக்களை, அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒன்றுவிடாமல் நுனி உள்ளே பார்க்கும்படி திருப்பி வைத்துவிடுவாள்.

"ஏம்மா, ஊரு உலகத்துல எவளாவது இப்படி வைப்பாளா? குடிச்சிட்டு வர்றவன் ஷூ மாட்டத் திரும்பி நின்னு குப்புற விழுறதுக்கா?"

"விழுந்தாலும் என் கடைக்குள்ளதானய்யா விழுவ. எந்திரிச்சு இன்னொரு கிண்ணம் குடி."

எல்லோரும் சிரிப்பார்கள். உன்சுக்கும் சிரிப்பாள். அவளைச் சிறுவயதிலிருந்து அறிந்த என்னால் மட்டும் சிரிக்க முடியாது. கதவருகே மரப்பலகைமேல் இருக்கும் அந்தப் பழுப்பு நிறத் தோல் ஷூக்களின் பக்கம் என் கண் போய்விடும். ஆண்பிள்ளை ஷூ. தினமும் துடைத்துத் துடைத்து நுனி வெளுத்துப்போயிருந்தது. அதுவும் கடைக்குள்ளே பார்த்துத்தான் இருக்கும்.

அது எங்கள் பள்ளித்தோழி மிரானின் அப்பாவுடையது.

நாங்கள் நாலாம் வகுப்பு படித்த குளிர்காலம் அது. எங்கள் ஊரில் மலையைக் குடைந்து நிலக்கரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடைகூடக் கறுப்பாக ஓடும். கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தநாளுக்கு நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பது பெரிய விஷயம். மிரானுக்கு அந்த வருஷம்தான் முதல் விருந்து. உன்சுக், நான், பியோங்டல் மூன்று பேரையும் அழைத்திருந்தாள்.

அடியில் நெருப்பு மூட்டிச் சூடாக்கிய தரையில் தாழ்ந்த மேசை. கண்ணாடிபோல் பளபளக்கும் சேமியாவைக் காய்கறியோடு வதக்கி வைத்திருந்தாள் மிரான் அம்மா. கடற்பாசியில் சுருட்டிய சோறு, பிறந்தநாள் கடற்பாசி சூப்பு, நடுவே ரோஜாப் பூ வைத்த க்ரீம் கேக்.

"டேய் பியோங்டல், சுருட்டின சோத்துல முட்டையை மட்டும் உருவித் தின்னாத!" என்று கத்தினேன் நான்.

"மிரான் பொறந்தநாளுக்குத்தான்டீ உடம்பைத் தேத்துறேன்."

மிரான் மட்டும் சரியாகச் சிரிக்கவில்லை. அன்று வீட்டில் இருப்பதாகச் சொன்ன அப்பா, ஆள் குறைகிறதென்று மேஸ்திரி வந்து கூப்பிட்டதும் காலையில் கிளம்பிவிட்டார். அவள் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவர் வாசலில் காத்து நின்றும் வெளியே வரவேயில்லையாம். "கேக்குல எனக்கு ஒரு துண்டு எடுத்து வை" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்களிடம் சொல்லும்போதே அவள் உதடு பிதுங்கியது.

எங்கள் ஊர் ஆண்கள் ரப்பர் பூட்ஸில் சுரங்கத்துக்குப் போவார்கள். அவர்கள் வீட்டில் விட்டுப்போகும் நல்ல ஷூவை, நுனி வீட்டைப் பார்க்கும்படி திருப்பி வைப்பது பெண்களின் வழக்கம். போனவன் திரும்பி வர வேண்டுமே! யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகும்போதே பார்த்துப் பழகிவிட்டோம்.

ஆனால் உன்சுக் எங்கள் ஊரில் பிறந்தவள் இல்லை. அவள் அப்பா கம்பெனி அலுவலகக் குமாஸ்தாவாக அந்த இலையுதிர்காலத்தில்தான் நகரத்திலிருந்து வந்திருந்தார். விருந்தாளிகள் கிளம்பும்போது சுலபமாக மாட்டிக்கொள்ள ஷூக்களை வெளியே பார்த்துத் திருப்பி வைப்பதுதான் மரியாதை என்று அவள் வீட்டில் வளர்த்திருந்தார்கள். கை கழுவப் போனவள், வாசலில் குவியலாகக் கிடந்த எங்கள் ஷூக்களை வரிசையாக வெளியே பார்த்து அடுக்கினாள். கூடவே அந்தப் பழுப்பு ஷூவையும்.

மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. மிரான் ஊதுவதற்காகக் கன்னத்தை உப்பினாள். அப்போதுதான் சுரங்கத்துச் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும் சங்கு இல்லை. நிற்காமல் அலறும் சங்கு.

மிரான் அம்மா கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருடீ... யாருடீ இதைத் திருப்புனது?"

உன்சுக் பெருமையாக எழுந்து நின்றாள். "நான்தான் அத்தை. அழகா இருக்கா?"

ஐயோ, அந்தக் குழந்தை முகம்! இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது. மிரான் அம்மா அவளை அடிக்கவில்லை. "போகச் சொல்லி அனுப்பிட்டியேடீ, பாவி!" என்று ஒரே ஒரு கத்தல். வெறுங்காலோடு பனியில் ஓடினாள்.

என்னவென்று நான்தான் உன்சுக்குக்கு விளக்கினேன். கேட்டவள் என்ன செய்தாள் தெரியுமா? முதலில் அந்தப் பழுப்பு ஷூவைத் திருப்பி வைத்தாள். பிறகு வரிசை வீடுகளில் ஒவ்வொரு வாசலாக ஓடினாள். பெண்களெல்லாம் சுரங்க வாயிலில் கதறிக்கொண்டிருக்க, அந்தச் சிறுமி ஆளில்லாத வாசல்களில் குனிந்து, கண்ணில் பட்ட ஷூவையெல்லாம் உள்ளே பார்த்துத் திருப்பினாள். கிழவிகளின் ரப்பர் செருப்பு, கைக்குழந்தையின் பூட்ஸ், எதையும் விடவில்லை. "வந்துருங்க, வந்துருங்க" என்று முணுமுணுத்தபடி, மூக்கு ஒழுக ஒழுக.

பழைய குழியிலிருந்து தண்ணீர் உடைத்துக்கொண்டு புகுந்திருந்தது. சிலர் வந்தார்கள். மிரானின் அப்பா வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தச் சுரங்கத்தையே மூடி அடைத்துவிட்டார்கள்.

பனி உருகுமுன்பே மிரானும் அம்மாவும் ஊரைவிட்டுப் போனார்கள். லாரி கிளம்பும்போது, வழியனுப்ப வந்த உன்சுக்கின் மேல் அந்த ஷூக்களைத் தூக்கி எறிந்தாள் மிரான் அம்மா. "நீயே வச்சுக்கோ!"

வைத்துக்கொண்டாள். ஊர் காலியானபோதும் அவள் நகரவில்லை. "செத்தவன் ஷூவோட என்னால குடித்தனம் பண்ண முடியாது" என்று புருஷன் போனபோதும் அந்தப் பலகையிலிருந்து அதை எடுக்கவில்லை. "மிரான் ஒரு தடவை வந்து, நீ காரணமில்லன்னு சொன்னா போதும் ஜோங்னே. அப்புறம் செத்தாலும் பரவால்ல" என்பாள் என்னிடம்.

போன குளிர்காலத்தில் மிரான் வந்தாள். கறுப்பு உடை, தலையில் துக்கத்துக்குரிய வெள்ளை முடிச்சு. நான் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருஷமாகியும் அந்தப் பிதுங்கிய உதட்டை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். உன்சுக்கின் கையிலிருந்த கிண்ணம் நழுவி விழுந்தது.

"அம்மா போயிட்டாங்க" என்றாள் மிரான். "நாளைக்குக் காலைல அடக்கம். பக்கத்துல அப்பாவுக்கும் ஒரு சமாதி மேடு எழுப்பணுமாம். உள்ள வைக்க அவரோடது எதுவுமே இல்ல. அந்த ஷூ உன்கிட்ட இருக்கா?"

உன்சுக் பலகைக்கு முன்னால் போய்க் கையை விரித்து மறித்து நின்றாள். "தர மாட்டேன். இதை எடுத்தா அவரு எப்படி வருவாரு? கால்ல வேணா விழுறேன், கேக்காதடீ!"

"பைத்தியம்! அவரு வர மாட்டாருடீ!"

"என்னாலதானே வரல? நான் திருப்பினதாலதானே?"

மிரான் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ திருப்பினது எனக்கு நெனப்பே வந்ததில்லடீ. அன்னைக்குக் காலைல அப்பா கதவுகிட்ட நின்னாரு. 'போயிட்டு வாங்கப்பா'ன்னு நான் சொல்லணும்னுதான் நின்னாரு. நான் சொல்லல. அதுக்கப்புறம் ஒரு பொறந்தநாளுக்கும் என்னால அந்தக் கடற்பாசி சூப்பை வாயில வைக்க முடியல." தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மாவும் கடைசில உன் பேரைத்தான் சொன்னாங்க. அந்தப் புள்ள ஒவ்வொரு வாசலாக் குனிஞ்சுக்கிட்டு ஓடுனதைச் சுரங்கத்துகிட்டேர்ந்து பாத்தேன், அது மேல தப்பில்லன்னு தெரிஞ்சேதான் ஷூவை எறிஞ்சேன்னு அழுதாங்க."

உன்சுக்கின் விரித்த கைகள் மெல்லத் தாழ்ந்தன. அந்த ஷூக்களை எடுத்து வாசற்படியில் வைத்தாள். நுனி வெளியே பார்க்க.

"சொல்லு" என்றாள்.

மிரான் மண்டியிட்டாள். "போயிட்டு வாங்கப்பா" என்ற அந்தக் குரல், போர்வைக்குள் முகம் புதைத்த குழந்தையின் குரலாகவே இருந்தது.

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு கதறியதை எழுத எனக்குத் தெம்பில்லை.

ஷூக்களை வெள்ளைத் துணியில் சுற்றியபின் மிரான் எழுந்தாள். "நீயும் வா. அம்மா உன்னைப் பாக்கட்டும்."

உன்சுக் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளுடைய பழைய ஷூவும் வழக்கம்போல உள்ளே பார்த்துத்தான் கிடந்தது. மிரான் குனிந்தாள். இரண்டு கையாலும் அதை எடுத்து, உன்சுக் மாட்டிக்கொள்ளத் தோதாக, வெளியே பார்த்துத் திருப்பி வைத்தாள்.