காணாமல்போன இருநூறு மீட்டர்

நூறு மீட்டர் ஓடி முடித்து, பனியனில் கழன்றிருந்த 47ஆம் எண்ணை மறுபடி குத்தும்போது ஊக்கு என் இடது பெருவிரலில் ஏறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம். விரலை வாயில் வைத்துக்கொண்டே மைதானத்துக் குழாயைத் திறந்து தலையைக் காட்டினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அதுவரை எனக்குத் தெரியும்.

அடுத்து எனக்குத் தெரிவது தேனியில் ஒரு மருத்துவமனைக் கட்டில். என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்திருந்தது.

இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். அதற்குள் நான் ஓர் இருநூறு மீட்டர் பந்தயத்தில் முதலாவதாக வந்திருக்கிறேன். பதக்கம் வாங்கியிருக்கிறேன். வாங்கியதற்குப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பிறகு அதைப் போய்ப் பார்த்தேன், என் கையெழுத்துதான்.

"முதல்ல என்ன அறிகுறி தெரிஞ்சதும்மா?" என்று மருத்துவர் கேட்டார். என்னிடம் கேட்டால் நான் எதைச் சொல்வது?

இதே போல் வீட்டில் ஒருவருக்கு நடந்து, அது என்ன நோய் என்றே புரியாமல் விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை. பாதிக் கதை மற்றவர்கள் சொன்னது. அதிலும் ஒரு பகுதி பொய் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் தேவாரத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பெயர் முருகேஸ்வரி, வயது ஐம்பத்து மூன்று. பள்ளியில் படிக்கும்போது ஓடியவள். கல்யாணத்துக்குப் பிறகு முப்பது வருடம் பஸ்ஸைப் பிடிக்க மட்டும் ஓடினேன். இப்போது நாலு வருடமாக மூத்தோர் தடகளத்தில் (நடுவயதைத் தாண்டியவர்களை வயது வாரியாகப் பிரித்து நடத்தும் போட்டிகள்) நூறும் இருநூறும் ஓடுகிறேன். அதற்கு மேல் மூச்சு இல்லை, பொறுமையும் இல்லை.

எங்கள் சீசன் என்பது ஆறேழு ஞாயிற்றுக்கிழமைகள். கம்பம், போடி, சின்னமனூர் என்று ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். ஐம்பது தாண்டிய பெண்கள் நாங்கள் ஐந்தாறு பேர்தான். அதில் எப்போதும் முதலாவது ரஹ்மத் அக்கா. உத்தமபாளையத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார். முழுக்கால் பேண்ட் போட்டு, முக்காட்டைக் கழுத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவார். அந்த சீசனில் நாலு முறை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதாக வந்திருந்தேன். ஒரே ஒரு முறை அவரை முந்திவிட வேண்டும் என்பது எனக்குள் வெறியாகவே ஆகியிருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. டீச்சராயிற்றே.

என் கணவர் செல்வம் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். நான் ஓடுவதை அவர் தடுத்ததும் இல்லை, வந்து பார்த்ததும் இல்லை. அன்று சின்னமனூருக்கு பைக்கில் கொண்டுவந்து விட்டவர், போகவர அலுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அது என் அதிர்ஷ்டம்.

நடந்ததை ரஹ்மத் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் நேராகத் தொடக்கக் கோட்டுக்குப் போய், விசிலோடு நின்ற உடற்கல்வி ஆசிரியரிடம், "எங்க வயசுக்காரங்கள எப்ப சார் கூப்பிடுவீங்க?" என்று கேட்டிருக்கிறேன். அவர் கேலி என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். இரண்டு நிமிடத்தில் மறுபடி போய் அதே கேள்வி. மூன்றாம் முறை ரஹ்மத் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரு, நான் யாரு?"

"என்னக்கா, ரஹ்மத் அக்கா."

"இது எந்த ஊரு?"

"சின்னமனூரு."

"இப்ப என்னா ஓட்டம் ஓடுனீக?"

"நூறு. ரெண்டாவதா வந்தேன். இருநூறு இனிமேத்தான்."

பேச்சு குழறவில்லை, கைகால் இழுக்கவில்லை, ஆளையும் ஊரையும் தெரிகிறது. இருநூறு ஓடியது மட்டும் தெரியவில்லை. யாரோ வலிப்பு என்று நினைத்து பைக் சாவியை என் கையில் திணித்திருக்கிறார்கள். யாரோ சோடா வாங்கி வந்திருக்கிறார்கள். "வாயில ஒண்ணும் ஊத்தாதீக, வண்டி எடுங்க" என்று அக்காதான் சத்தம் போட்டிருக்கிறார். போனைப் பார்த்து மணியையும் என் கணவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அந்த மணிதான் மருத்துவமனையில் முதலில் கேட்ட விஷயம். பக்கவாதமாக இருந்தால் எப்போது தொடங்கியது என்பதை வைத்துத்தான் மருந்து கொடுப்பார்களாம். உங்கள் வீட்டில் திடீரென்று ஒருவர் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தால், வெயில், பித்தம் என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். மணியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இந்தக் கட்டுரையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம் இல்லை. இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். வலிப்பும் இல்லை. மூன்றாம் நாள் மறுபடி எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் மூளையைப் படம் எடுப்பது) எடுத்தபோது ஹிப்போகாம்பஸில் (புதிதாக நடப்பவற்றை நினைவாகப் பதியும் பகுதி) கடுகை விடச் சிறிய வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. அதுவும் சில நாளில் மறைந்துவிடுமாம்.

நோயின் பெயர் டிரான்சியன்ட் குளோபல் அம்னீஷியா (சில மணி நேரம் மட்டும் வந்துபோகும் முழு மறதி). பெயரை மூன்று முறை கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்றாம் முறை கேட்டதும் மருத்துவரும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது.

"இது மறதி நோயோட ஆரம்பமா டாக்டர்?"

"இல்லம்மா."

"மறுபடி வருமா?"

"பெரும்பாலும் வராது. சிலருக்கு வரலாம்."

"ஓடுறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சதா, ஓடுனதுக்குப் பின்னாடியா?"

"அத யாராலயும் சொல்ல முடியாது. இது வந்தா, வர்றதுக்கு முன்னாடி நடந்ததுலயும் கொஞ்சத்த அழிச்சிரும்."

"அந்த ஏழு மணி நேரம் எப்ப ஞாபகம் வரும்?"

"தொலைஞ்சிருந்தா தேடலாம். அது பதியவே இல்லையேம்மா."

காரணத்துக்கும் விடை இல்லை. கடுமையாக ஓடியதாக இருக்கலாம், சூட்டோடு தலையில் பச்சைத் தண்ணீர் பட்டதாக இருக்கலாம், மனசு பதறியதாகவும் இருக்கலாம் என்றார். என் நாத்தனார் நான் இருக்கும் விரதங்களைக் காரணம் சொன்னார். பள்ளியில் சத்துணவு அக்கா கண்ணேறு என்றார். எல்லோருக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என் பாடு இன்னும் மோசமானது. முன்பெல்லாம் அலமாரியைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நின்றால் சிரித்துக்கொள்வேன். இப்போது நின்ற இடத்திலேயே கிழமையையும் தேதியையும் சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயர் உடனே வரவில்லை என்றால் வருகைப் பதிவேட்டைத் தேடி எடுப்பேன். பெயரை மறப்பது எனக்கு இருபது வருடப் பழக்கம். அது எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. பயந்தேன், நன்றாகவே பயந்தேன்.

பயத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி அரித்தது. ரஹ்மத் அக்காவை முந்தியவள் நான்தானா? பதக்கம் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்தால் அண்டைவீட்டார் பொருளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டது போல இருந்தது. ஒருமுறை ஜெயிக்கத்தானே அத்தனை பாடு பட்டேன். அந்த ஒன்றை மட்டும் பார்த்து இந்த நோய் எடுத்துக்கொண்டு போய்விட்டதே என்று அழுதேன்.

கணவரிடம் கேட்டேன், "அன்னிக்கு நான் எப்பிடிங்க ஓடுனேன்?"

"கடைசி வரைக்கும் அவுகதான் முன்னாடி. கடைசி இருபது மீட்டர்ல விருட்டுனு வந்து முந்துன பாரு, மைதானமே கத்துச்சு."

தினமும் கேட்டேன். தினமும் சொன்னார். ஒரு வாரத்தில் எனக்கு அது லேசாகத் தெரிய ஆரம்பித்தது. அக்காவின் முக்காட்டு நுனி என் வலது தோளுக்குப் பக்கத்தில் பறப்பது, பிறகு பின்னால் போவது, கூட்டத்தின் சத்தம். பதியவில்லை என்றாரே, இதோ வருகிறதே! மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று துடித்தேன்.

அந்த வாரக் கடைசியில் ரஹ்மத் அக்கா ஒரு கூடை பன்னீர்த் திராட்சையோடு வீட்டுக்கு வந்தார். அவர் மகன் போனில் எடுத்த வீடியோ இருந்தது. "பாருங்க டீச்சரு, ஒங்களுக்காகத்தான் அழிக்காம வச்சிருந்தேன்" என்று கையில் கொடுத்தார்.

வீடியோவில் விசில் சத்தம் கேட்டதும் நான் கிளம்புகிறேன். வளைவிலேயே எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். கடைசி வரை ஒருவரும் என் பக்கத்தில் வரவில்லை. எனக்குப் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. வீடியோவில் இருப்பவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவள் முகத்தில் எதுவும் இல்லை. நான் அவளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"ஆரம்பத்துலருந்து ஒங்க முதுகத்தான் பாத்தேன். எனக்கே ஆச்சரியம்" என்றார் அக்கா.

அப்படியானால் எனக்கு ஞாபகம் வந்த அந்த முக்காட்டு நுனி எங்கிருந்து வந்தது? அக்கா அதை என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போன பிறகு, கணவரிடம் வீடியோவை நீட்டினேன். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க பாக்கவே இல்லையா?"

"டீக்கடையில இருந்தேன், ஈஸ்வரி. வட போட்டுக்கிட்டிருந்தாக. வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்னிடம் மிஞ்சியிருந்ததே அவர் சொன்ன வார்த்தைதான். அதுவும் வடை தின்றுகொண்டே கட்டிய கதை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் குழம்பில் உப்பில்லை என்று சொல்லக்கூடத் தயங்கினார்.

மூன்றாம் நாள் காலை, கடைக்குக் கிளம்பியவர் செருப்பை மாட்டாமல் வாசலிலேயே நின்றார்.

"ஆஸ்பத்திரியில நீ கேட்டதையே கேட்டுக்கிட்டிருந்த. 'இருநூறு முடிஞ்சிருச்சா?'ம்ப. 'முடிஞ்சிருச்சு, நீதான் ஃபர்ஸ்ட்டு'ம்பேன். 'ரஹ்மத் அக்காவையா?'ன்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்ப. ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு. ஒரு தடவ சலிச்சுப்போயி, 'இன்னும் ஓட்டம் இருக்கு, படு'ன்னேன். ஊசியப் பிடுங்கிட்டு ஷூவத் தேட ஆரம்பிச்சிட்ட."

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அப்புறம் 'நான் எப்பிடி ஓடுனேன்'னு கேட்ட. மொதத் தடவ நெசத்தத்தான் சொன்னேன், பாக்கலன்னு. ஒம் மொகம் அப்பிடியே செத்துப்போச்சு. இத்தன வருசத்துல நான் அந்த மொகத்தக் கவனிச்சதே இல்ல. ரெண்டு நிமிசத்துல மறந்துட்டு மறுபடி கேட்ட. அப்பத்தான் மாத்திச் சொன்னேன்."

அவர் கடைக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்குத் தாமதமாகப் போனேன். அவர்மேல் கோபமா, இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, இதயத்தையும் சோதித்துப் பார்த்த பிறகு ஓட அனுமதித்தார்கள். சீசனின் கடைசிப் போட்டி தேனியில். முன்பு நான் நொடிகளைக் குறைக்கத்தான் ஓடுவேன். அன்று கோட்டில் குனிந்தபோது அந்த எண்ணமே இல்லை. இது முடியும்போது நான் இங்கே இருப்பேனா என்பதுதான் இருந்தது. உள்ளங்கையில் உறுத்திய மணல், பக்கத்துக் கோட்டில் ஒருவரின் இருமல், வளைவில் இடது முழங்காலில் சுருக்கென்ற வலி என்று ஒவ்வொன்றையும் வகுப்பில் பெயர் கூப்பிடுவது போலச் சரிபார்த்துக்கொண்டே ஓடினேன். முப்பத்தொன்பது நொடிதான் ஓடினேன். இவ்வளவு நீளமான முப்பத்தொன்பது நொடியை நான் அதுவரை பார்த்ததில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் என் கணவர் கயிற்றுக்கு உள்ளேயே வந்து நின்றார். மூச்சு வாங்கியது எனக்கா, அவருக்கா என்று தெரியவில்லை.

"இன்னிக்கு என்னா கெழம?"

"ஞாயிறு."

"நான் யாரு?"

"டீக்கடைக்குப் போற ஆளு."

"எத்தனாவது வந்த?"

"நாலாவது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடியே கேட்டேன், "பாத்தீகளா? எப்பிடி ஓடுனேன்?"

"வளைவு முடியுற வரைக்கும் ரெண்டாவதா இருந்த. அங்கன ஒரு தடவ திரும்பி ரஹ்மத் அக்கா எங்கன வாறாகன்னு பாத்த. அதுல ரெண்டு பேரு ஒன்னயத் தாண்டிப் போயிட்டாக."

உண்மைதான். அந்த இடத்தில்தான் திரும்பினேன். எனக்கும் தெரியும்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.